தோல் பதனிடும் ஆலைகளும் பாலாற்றுக் கிராமங்களும்

பாலாறு மைசூர்ப் பீடபூமியிலுள்ள நந்திமலைப் பக்கத்தில் தோன்றி, ஆந்திர நாட்டின் ஒரு சிறு பகுதியைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை, காஞ்சிபுரம் ஆகிய ஊர்ப்பக்கங்களின் வழியாகச் சென்று, செங்கற்பட்டு ஜில்லாவில் வயலூருக்கருகில் கடலிற் கலக்கின்றது. வருஷத்திற் பெரும்பாலான மாதங்களில் இந்நதி வெறும் மணலாகவே காணப்படும். ஆயினும் மணலின் கீழ் ஜலம் இருப்பதால், கரையோரத்துக் கிராமங்கள் ஊற்றுக்கால்களையும் கிணறுகளையும் கொண்டு நெல், கரும்பு, வாழை, தென்னை முதலியவற்றை நெடுங்காலமாகப் பயிர்செய்து வந்தன. கண்ணுக்குத் தெரியாத இந்த ஜலமே இப்பள்ளத்தாக்கின் மூலதனம் எனலாம். தோல் பதனிடும் ஆலைகளும் இதே ஜலத்தை நம்பியே இங்கு நிலைபெற்றன.

ஓர் ஆலையின் வரவும் செலவும் அதன் கணக்குப் புஸ்தகத்தில் ஒழுங்காக எழுதப்படுகின்றன. தோலின் விலை, கூலி, உப்பு, சுண்ணாம்பு, மருந்துச் சரக்கு, விற்ற தொகை, நின்ற லாபம் ஆகிய யாவும் அதில் உண்டு. ஆனால் அவ்வாலையின் கழிவினாற் கெட்ட கிணறும், விளைவு குறைந்த நிலமும், நோயுற்ற தொழிலாளியும், கருச்சிதைந்த பசுவும் அப்புஸ்தகத்தில் இடம்பெறுவதில்லை. இவற்றைக் குறித்து வைக்கக்கூடியவர்கள் நிலச்சொந்தக்காரர்களும் கிராம அதிகாரிகளுமே. அவர்கள் குறித்து வைக்காவிட்டால் அந்நஷ்டம் நஷ்டமாகவே போய்விடும் என்பதற்குப் பாலாற்றுக் கிராமங்களின் அனுபவம் போதிய சான்றாகும்.

தொழில் வளர்ந்த வரலாறு

தோல் பதனிடுதல் தமிழ்நாட்டில் புராதனமான கைத்தொழில். பழைய முறையில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் முக்கிய சரக்குகள். ஆவாரை புன்செய்க் காடுகளிலும் தரிசுகளிலும் தானே வளர்வது. இம்முறையில் ஒரு தோல் பதமாவதற்குப் பல வாரங்கள் செல்லும். இவ்வாறு பாதி பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகத்திலிருந்து சீமைக்குப் பெருவாரியாக ஏற்றுமதியாயிற்று.

1903ஆம் வருஷம் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் சென்னைக் கலைத்தொழிற் பாடசாலையில் குரோமியம் என்னும் உலோகத்தின் உப்பைக்கொண்டு தோல் பதனிடும் பரீட்சைகளைத் தொடங்கினார். பட்டையிற் பதனிட்ட தோல் எப்பொழுதும் ஈரத்தில் இருந்தால் விரைவில் அழுகிவிடும். குரோம் தோலோ அவ்விதம் அழுகுவதில்லை. ஆகவே கிணற்றிலிருந்து கவலை இறைக்கும் தோற்சால்களுக்கு அதை உபயோகிப்பதும் அப்பரீட்சைகளின் நோக்கங்களுள் ஒன்றாயிருந்தது. விவசாயியின் கிணற்றுக்கு உதவியாக வந்த ஒரு முறையே பிற்காலத்தில் அவன் கிணற்றுக்குக் கேடாய் முடிந்தது.

1948இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் சென்னை அடையாற்றில் ஸ்தாபிக்கப்பட்டது. 1970க்குப் பின், பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதை இந்திய சர்க்கார் கட்டுப்படுத்தி, முழுதும் பதனிட்ட தோலையும் செருப்பு, பூட்ஸ் முதலிய பொருள்களையும் ஏற்றுமதி செய்யும்படி தூண்டினர். இதனால் உள்நாட்டில் வேலையும் அந்நியச் செலாவணியும் பெருகின. முன்பு வெளிநாட்டில் நடந்துவந்த இரசாயன வேலைகளும், அவற்றின் கழிவும், அதே காலத்தில் இந்நாட்டு நதிக்கரைகளுக்கு வந்து சேர்ந்தன.

ஆலையினுள் நடப்பவை

நிலத்துக்கும் கிணற்றுக்கும் நேரும் கேட்டை உணர்வதற்கு ஆலையில் நடக்கும் வேலையைச் சற்றே அறிதல் அவசியம்.

பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் 100க்கு 30 முதல் 40 பங்கு சாப்பாட்டு உப்புத் தடவப்படுகின்றது. அதாவது ஒரு டன் தோலுடன் ஏறக்குறைய 300 முதல் 400 கிலோ உப்பு ஆலைக்குள் வருகின்றது. முதல் வேலை, தோலை ஜலத்தில் ஊறவைத்து இவ்வுப்பைக் கழுவுதல். ஆலையிலிருந்து வெளியேறும் உப்பில் பெரும் பகுதி இந்த ஊறல் ஜலத்திலேயே உள்ளது.

அடுத்து, மயிரை நீக்குவதற்காகத் தோல் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த தொட்டியில் இடப்படும். உட்புறத்துச் சவ்வு சீவப்படும். பின்பு உப்பும் கந்தகத் திராவகமும் சேர்ந்த கரைசலில் ஊறவைத்து, குரோமியச் சரக்கு கலந்த பெரிய மரப் பீப்பாய்களிலிட்டுச் சுழற்றுவர். பட்டையில் வாரக்கணக்கான வேலை இதில் ஒரு நாளில் முடிகின்றது. ஆனால் சாதாரணமாக இட்ட குரோமியத்தில் 100க்கு 60 முதல் 70 பங்கே தோலிற் பற்றுகின்றது. மிகுதி கழிவு ஜலத்தோடு செல்கின்றது.

இவ்வேலைகளுக்கெல்லாம் பதனிட்ட தோல் கிலோ ஒன்றுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் ஜலம் செலவாகின்றதென்று, பின்னர்க் கூறப்படும் சுப்ரீம் கோர்ட்டு வழக்கில் குறிக்கப்பட்டுள்ளது. அதிற் பெரும் பகுதி உப்பும் சுண்ணாம்பும் சல்பைடும் மயிரும் கொழுப்பும் குரோமியமும் சுமந்துகொண்டு திரும்பி வெளிவருகின்றது. சுத்திகரிப்பின்றி அதை வாய்க்காலிலும் ஏரியிலும் ஆற்று மணலிலும் விட்டுவந்த காலம் நீண்டது.

நிலமும் கிணறும்

குரோமியத்தைப்பற்றியே பலரும் அச்சத்துடன் பேசுகின்றனர். அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும் பயிர் நஷ்டத்துக்கு முதற்காரணம் சாதாரண உப்பென்பதை விவசாயிகள் மனத்திற் கொள்ளவேண்டும். பதனிட உதவும் மூன்றிணைக் குரோமியம் மண்ணிற் பெரும்பாலும் சிக்கி நின்றுவிடும், எளிதில் நகராது. உப்போ ஜலம் சென்ற இடமெல்லாம் உடன் செல்லும்.

மண்ணில் உப்பு மிகுந்தால், ஈரம் இருந்தும் வேர் அதை உறிஞ்ச முடிவதில்லை. பாய்ச்சிய மறுநாளே பயிர் வாடுவதும், நெல்லின் இலைநுனி கருகுவதும், வாழையிலையின் ஓரம் தீய்ந்து வருவதும், நாற்று பிடிக்காமல் வட்ட வட்டமாய்ச் சாவதும் இதன் அடையாளங்கள். சோடியம் மேலும் ஒரு கெடுதி செய்கின்றது. களிமண்ணின் அணுக்களைப் பிரித்துக் கலங்கச் செய்வதால் மண்ணின் துவாரங்கள் அடைபடுகின்றன. மழை ஜலம் உட்புகாமல் மேலே நிற்கும். காய்ந்தால் நிலம் ஓடுபோல் இறுகும். உழவு மாடு இழுக்கத் தவிக்கும்.

குரோமியத்தில் ஆறிணைக் குரோமியம் என்னும் மற்றொரு வகை உண்டு. அது ஜலத்தோடு நகரக்கூடிய கொடிய விஷம், புற்றுநோய்க்கும் காரணமாவது. இராணிப்பேட்டையில் 1970க்குப் பின்னர்த் தொடங்கி 1990க்குப் பின்னர் மூடப்பட்ட ஒரு குரோமிய இரசாயன ஆலை, ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவைத் திறந்த வெளியிற் குவித்துவிட்டுச் சென்றது. அக்குவியலினின்று கசிந்த மஞ்சள் நிற ஜலம் நிலத்தடியிற் பரவியதே அவ்வூர்க் கிணறுகளைப்பற்றிய அச்சத்துக்கு முக்கிய காரணம்.

தமிழ்நாடு விவசாயப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் செய்த பூர்வாங்க ஆய்வின்படி, தோலாலைப் பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர், அதாவது சுமார் 86,000 ஏக்கர் விளைநிலம், பாதியாகவோ முழுதுமாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போயிற்று. திண்டுக்கல் பக்கத்தில் 13 கிராமங்களில் நடந்த மற்றோர் ஆய்வில், குடிப்பதற்கும் பாசனத்துக்கும் உபயோகமான 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின என்று தெரிந்தது. இவ்விரண்டு கணக்குகளும் 1996ஆம் வருஷத்துத் தீர்ப்பில் எடுத்துக் காட்டப்பட்டுள்ளன.

கால்நடைகள்

கால்நடைகளும் மனிதரைப்போல் ஜலத்தின் குற்றத்தை அனுபவிக்கின்றன, வாய்விட்டுச் சொல்வதில்லை. லிட்டர் ஒன்றில் கரைந்த உப்பு 3,000 மில்லிகிராமுக்கு உட்பட்டிருந்தால் மாடுகளுக்குப் பெரும்பாலும் கெடுதியில்லை. 3,000க்கு மேற்பட்டால் முதலிற் குடிக்க மறுக்கும்; கழிச்சலும் உண்டாகலாம். 5,000க்கு மேற்பட்ட ஜலத்தைச் சினைப்பசுவுக்கும் கறவைக்கும் கொடுத்தலாகாது. 7,000க்கு மேற்பட்டால் எந்த மாட்டுக்கும் ஆபத்து. ஊறல் ஜலத்தில் இவ்வளவினும் பன்மடங்கு உப்பு இருப்பதால், கழிவு வாய்க்காலில் மாட்டை இறங்க விடுவதே தவறு.

ஆலைகளின் முற்றங்களிற் குவித்துள்ள பழைய உப்பை மாடுகள் நக்குவதும் உண்டு. உப்பை மிகுதியாகத் தின்று போதிய நல்ல ஜலம் கிடைக்காத மாடு, தணியாத தாகம், தள்ளாட்டம், பார்வை மங்கல் ஆகிய குறிகளைக் காட்டும். உடனே வைத்தியம் செய்யாவிட்டால் இறக்கும். அவ்வுப்பை மலிவாக வாங்கித் தீவனத்திற் கலப்பதும், தென்னைக்கு இடுவதும் அறவே கூடாது.

கிராமத்திலிருந்து ஆலைக்குச் செல்லும் தீமையும் ஒன்று உண்டு. அடைப்பான் நோயால் இறந்த மாட்டைத் தோலுரித்து விற்றால், அந்நோயின் வித்துக்கள் தோலுடன் சென்று உரிப்பவனையும் வண்டிக்காரனையும் ஆலைத் தொழிலாளியையும் தாக்கும். அவ்வித்துக்கள் மண்ணிற் பல்லாண்டு உயிரோடிருப்பவை. நேற்றுவரை நன்றாயிருந்த மாடு திடீரென்று இறந்து, மூக்கிலும் ஆசனத்திலும் உறையாத கறுத்த இரத்தம் கசிந்தால், அதை அறுக்கவும் உரிக்கவும் கூடாது. உடனே கால்நடை மருத்துவருக்கு அறிவித்து, அவர் கூறும் வண்ணம் எரிக்கவோ ஆழப் புதைக்கவோ வேண்டும். ஒரு தோலின் விலைக்காக ஒரு மனிதனின் உயிரைப் பணயம் வைப்பது எவர்க்கும் தகாது.

தொழிலாளர்

ஆலையின் கேட்டை முதலில் உடலில் ஏற்பவர் அதனுள் வேலை செய்பவரே. சுண்ணாம்புத் தொட்டியில் வெறுங்கையுடன் வேலை செய்வோரின் தோல் வெந்து வெடிக்கின்றது. குரோமியச் சரக்கு படும் கைகளிற் சொறியும் ஆறாத புண்ணும் உண்டாகின்றன. ஈரத் தளத்தில் வழுக்கி விழுவதும், சுழலும் பீப்பாயிற் சிக்கிக்கொள்வதும் அறியப்பட்ட விபத்துக்கள்.

இவற்றினும் கொடியது கழிவுத் தொட்டியில் உண்டாகும் வாயு. சல்பைடு கலந்த சுண்ணாம்புக் கழிவும், திராவகம் கலந்த கழிவும் ஒரே குழியிற் சேர்ந்தால், அழுகிய முட்டையின் நாற்றமுடைய வாயு எழும்பும். அது காற்றினும் கனமாகையால் குழியின் அடியிலே தங்கும். சிறிதளவாயின் நாற்றத்தால் அறியலாம்; அளவு மிகுந்தாலோ மோப்பச் சக்தியையே மழுங்கச் செய்துவிடுவதால், நாற்றம் நின்றதென்று எண்ணி இறங்குபவன் சில நிமிஷங்களில் மூர்ச்சையாகி இறக்கின்றான். அவனைத் தூக்க இறங்குபவனும், அவனுக்குப் பின் இறங்குபவனும் அவ்வாறே மடிவர். சுவாசக் கருவியும் இடுப்புக் கயிறும் இன்றி எக்காரணத்தாலும் குழியில் இறங்கலாகாது என்பதை இத்தகைய ஆலைகளுக்கு ஆட்களை அனுப்பும் ஒவ்வொரு கிராமமும் அறிந்திருத்தல் வேண்டும்.

கழிவைச் சுத்தி செய்ய ஏற்பட்ட நிலையங்களும் கவனக்குறைவால் உயிரை வாங்கியதுண்டு. 2015ஆம் வருஷம் ஜனவரி 31ஆம் தேதி விடியுமுன், இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையிலுள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில், கழிவுச் சேறு நிரம்பிய தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் மேற் சேறு பாய்ந்தது. பத்துப்பேர் மாண்டனர். இறந்தோரிற் பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

கிராம சமூகம்

இவ்வாலைகளால் நன்மையே இல்லையென்று கூறுதல் நீதியன்று. பாலாற்றுப் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தோல் வேலையாற் பிழைக்கின்றன. ஆம்பூர்ப் பக்கத்துச் செருப்புத் தொழிற்சாலைகளில் ஏராளமான பெண்கள் மாதச் சம்பளம் பெறுகின்றனர். மழை பொய்த்த வருஷங்களில் அச்சம்பளமே பல வீடுகளில் அடுப்பெரியச் செய்தது. ஆலைகளை அடியோடு மூடிவிட்டால் இவர்கள் கதி என்ன என்ற கேள்விக்கு விடை கூறாமல் எவரும் மேற்செல்ல முடியாது.

ஆயினும் நன்மை ஒருவர்க்கும் தீமை மற்றொருவர்க்கும் பங்கிடப்படும் விதத்தைக் கவனித்தல் வேண்டும். கிணறு கெட்டவுடன், பொருளுடையவன் ஆழ்குழாய் இறக்குவான். அதுவும் கெட்டால் நிலத்தை மனையாக்கி விற்றுப் பட்டணம் செல்வான். இரண்டு ஏக்கர் உடையவனுக்கு அவ்வழி இல்லை. உப்பேறிய நிலத்தை வாங்குவாரும் இல்லை. நிலமே இல்லாத கூலியாளுக்கு நஷ்டம் முதலில் வருகின்றது. வயல் தரிசானால் நடவும் களையெடுப்பும் அறுப்பும் இல்லை. அவ்வேலைகளில் பாதிக்குமேல் பெண்களுடையவை. வயல் வேலையை இழந்தவன், அவ்வயலைக் கெடுத்த ஆலையின் வாயிலிலேயே கூலிக்கு நிற்க வேண்டியவனாகின்றான். அவன் மனைவி குடத்தை எடுத்துக்கொண்டு வண்டி ஜலத்துக்குக் காத்திருக்கின்றாள். ஆகையால் ஒரே வீட்டில் ஆலையை வாழ்த்துவோரும் வைவோரும் இருத்தல் இப்பிரதேசத்தில் வியப்பன்று. ஆலையா விவசாயமா என்று ஊரை இரண்டாகப் பிரிக்கும் பேச்சினால் பயனில்லை. கழிவுக்குரிய செலவை ஆலை ஏற்பதா, அயலான் ஏற்பதா என்பதே கேள்வி.

சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு

1991இல் வேலூரைச் சேர்ந்த குடிமக்கள் நலச் சங்கம் ஒன்று இதே கேள்வியைச் சுப்ரீம் கோர்ட்டின் முன் வைத்தது. 1996ஆம் வருஷம் ஆகஸ்டு 28ஆம் தேதி தீர்ப்பு வெளியாயிற்று. தோல் தொழில் அந்நியச் செலாவணி ஈட்டுவதும் வேலை கொடுப்பதும் உண்மையே. எனினும் சுற்றுப்புறத்தை அழித்து மக்களின் ஆரோக்கியத்துக்குத் தீங்கிழைக்க அதற்கு உரிமையில்லை என்று கோர்ட்டார் கூறினர். கெடுத்தவனே கேட்டின் செலவை ஏற்கவேண்டும் என்ற விதியும், தீங்கு வருமுன் காக்கவேண்டும் என்ற விதியும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று தீர்ப்பில் உறுதியாயிற்று. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும், நஷ்டத்தை மதிப்பிட்டு வசூலித்துக் கொடுப்பதற்கு ஓய்வுபெற்ற ஹைகோர்ட்டு நீதிபதியின் தலைமையில் ஓர் அதிகார சபையும் விதிக்கப்பட்டன.

அச்சபை 2001ஆம் வருஷம் மார்ச்சு 7ஆம் தேதி தன் முடிவை அளித்தது. 1991 ஆகஸ்டு முதல் 1998 டிசம்பர் முடிய நேர்ந்த கேட்டுக்காக, வேலூர் ஜில்லாவில் 29,193 பேருக்கு 547 ஆலைகள் சுமார் 26 கோடியே 82 லட்ச ரூபாய் கொடுக்கவேண்டும் என்பது அம்முடிவு. கேட்பதற்கு இது பெருந்தொகை. வகுத்துப் பார்த்தால் சராசரி ஒருவருக்கு 9,200 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஏழு வருஷத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு அதைப் பங்கிட்டால் வருஷத்துக்கு 1,250 ரூபாய்கூட இல்லை. ஒரு குடும்பத்தின் கிணற்றுக்கும் நிலத்துக்கும் கிடைத்த விலை இவ்வளவே.

அதையும் பெறாதவர் உண்டு. வழக்கு மறுபடியும் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது. 2025ஆம் வருஷம் ஜனவரி 30ஆம் தேதி, நஷ்ட ஈடு இன்னும் பெறாதவர்களுக்குச் சர்க்கார் அதைக் கொடுத்து ஆலைகளிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டுமென்றும், பாலாற்றைச் சீர்செய்யும் வேலையைக் கவனிக்க ஒரு குழு அமைக்க வேண்டுமென்றும் உத்தரவாயிற்று. முதல் வழக்குக்கும் இவ்வுத்தரவுக்கும் இடையில் 34 வருஷங்கள் சென்றுவிட்டன.

ஆலைகளிற் செய்யத்தக்க சீர்திருத்தம்

கழிவைக் குறைக்கும் முறைகள் இன்று அறியப்பட்டவையே. ஊறவைக்கு முன் தோலைச் சட்டத்தின்மேல் உதறி உப்பை நீக்கலாம். மீந்த குரோமியத்தை மக்னீசியம் ஆக்ஸைடினால் படியச்செய்து, திராவகத்திற் கரைத்துத் திரும்ப உபயோகிக்கலாம்; மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இதைப் பரப்பியிருக்கின்றது. சல்பைடுக் கழிவையும் திராவகக் கழிவையும் தனித்தனி வாய்க்கால்களிற் செலுத்துதல் உயிரையே காக்கும்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அழுகும் பொருளை நன்கு நீக்குகின்றன. ஆனால் கிருமிகளைக்கொண்டு சுத்தி செய்யும் முறையில் உப்பு நீங்குவதில்லை என்பதை மறக்கலாகாது. தெளிவாகவும் நாற்றமின்றியும் வெளிவரும் ஜலம் பாசனத்துக்கு ஏற்றதென்று எண்ணுதல் பிழை. நுண்சவ்வு வடிகட்டியாலும் ஆவியாக்கலாலும் உப்பைப் பிரித்து ஜலத்தை ஆலைக்கே திருப்பும் முறை பிற்பாடு வந்தது. அதிற் பிரிந்த உப்பு மழை படாதபடி வைக்கப்படுகின்றதா என்பதையும் ஊரார் கவனித்தல் வேண்டும்.

நிலச்சொந்தக்காரர்கள் செய்யத்தக்கவை

1. ஒவ்வொரு கிணற்று ஜலத்தையும் வருஷத்துக்கு இருமுறை, கோடைக் கடைசியிலும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னும், பரிசோதிக்க வேண்டும். பம்பை கால் மணி நேரம் ஓடவிட்டு, ஒரு லிட்டர் புட்டியை அந்த ஜலத்தாலேயே மும்முறை கழுவி, வாய் ததும்ப நிரப்பி மூடி, சர்வே நம்பர், தேதி, கிணற்றின் ஆழம் ஆகியவற்றை எழுதி ஒட்டி, மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பலாம்.

2. குடிக்கும் ஜலத்தில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்பு உகந்தது. வேறு ஜலம் இல்லாவிடத்து 2,000 வரை பொறுக்கலாம். குரோமியம் 0.05 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. ஆலையருகே உள்ள கிணறுகளுக்குக் குரோமியப் பரிசோதனையையும் தனியே கேட்டுச் செய்விக்க வேண்டும்.

3. சோடியத்தாற் கெட்ட நிலத்துக்கு ஜிப்சம் இட்டு, நல்ல ஜலம் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு மடக்கி உழுதால் குணம் தெரியும். வடிகாலின்றி ஜிப்சம் இடுவது வீண் செலவு. பாய்ச்சும் கிணறே உப்பாயிருந்தால், கழிவு வரவு நிற்கும்வரை எந்த மருந்தும் நிலையான பலன் தராது. இடைக்காலத்தில் களர் தாங்கும் திருச்சி 1 நெல்லும், உப்பைப் பொறுக்கும் பருத்தி, தென்னை ஆகியவையும் ஓரளவு கைகொடுக்கும்.

4. பரிசோதனைச் சீட்டு, விளைச்சல் அளவு, கால்நடை மருத்துவர் குறிப்பு, ஆழ்குழாய் இறக்கிய செலவு ஆகியவற்றைத் தேதிவாரியாக ஒரே கட்டில் வைத்தல் வேண்டும். 2010ஆம் வருஷத்துச் சட்டப்படி அமைந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் நஷ்ட ஈடு கோருவோர், காரணம் முதலில் தோன்றிய நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் கோரவேண்டும். தேதி இல்லாத நஷ்டம் வழக்கில் நிற்பது கடினம்.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கவை

கிராம நிர்வாக அலுவலர் ஒவ்வொரு பசலியிலும் எழுதும் அடங்கலே நிலத்தின் சரித்திரம். ஒரு சர்வே நம்பரில் கரும்பு இருந்து, பின் கேழ்வரகாகி, பின் தரிசானால், அம்மூன்று பதிவுகளும் சேர்ந்து ஒரு சாட்சியாகின்றன. ஆனால் 'தரிசு' என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதிவிட்டால், சொந்தக்காரனின் சோம்பலால் தரிசா, மழையின்மையால் தரிசா, கழிவு ஜலத்தால் தரிசா என்று பிற்காலத்தில் எவரும் அறிய முடியாது. நிலத்தை நேரிற் பார்வையிட்டு, காரணத்தையும் குறிப்பில் எழுதுதல் நலம். ஏட்டில் எழுதினும் கணினியில் எழுதினும் இக்கடமை ஒன்றே.

இரவில் வாய்க்காலிற் கழிவு விடப்படுவதாகப் புகார் வந்தால், தேதியும் நேரமும் இடமும் எழுதி அன்றே தாசில்தாருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அனுப்ப வேண்டும். 1974ஆம் வருஷத்து நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, குற்ற வழக்குக்கு உதவும் மாதிரியை அவ்வாரியத்தின் அதிகாரிகளே உரிய முறைப்படி எடுத்து முத்திரையிடவேண்டும். ஊரார் புட்டியிற் பிடித்து வைத்த ஜலம் எச்சரிக்கைக்கு உதவுமேயன்றி, அவ்வழக்கில் அதற்கு ஈடாகாது. ஆகவே தாமதமின்றி அறிவிப்பதே பயன் தரும்.

பாலாற்றுக் கிராமங்களில் உப்பு ஒரே நாளில் ஏறவில்லை. முதல் வருஷம் ஜலம் சிறிது கரித்தது. அடுத்த வருஷம் பருப்பு வேக நேரமாயிற்று. பின்னர் வாழை கருகிற்று. கடைசியில் கிணற்றைக் கைவிட்டனர். கரித்த முதல் வருஷத்திலேயே அதை எழுதி வைத்தவர் மிகச் சிலர். புதிதாக ஆலைகள் வரவிருக்கும் மற்ற ஜில்லாக்களின் கிராமங்கள், ஆலை வருமுன்னரே தம் கிணறுகள் ஒவ்வொன்றையும் பரிசோதித்து, அச்சீட்டைப் பத்திரப்படுத்துதல் விவேகமாகும். பரிசோதனைக்குரிய கட்டணம் சொற்பம். பின்னால் கிணறு கெட்டதென்று கூறும்பொழுது, முன்னால் அது நன்றாயிருந்ததென்று காட்டுவதற்கு அதைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை.